பொறி பறக்காத சனிக்கிழமை

என் வீட்டுக்காரர் திருமால் இடது கை நகங்களை வெட்டி முடித்திருந்தார். வலது கைக்கு நான்தான் வெட்டிவிட வேண்டும்; இடது கையில் நகவெட்டி அவருக்கு நிற்காது. அது ஒரு புதன்கிழமை. ரேஷன் கடையில் பாமாயில் வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

“வந்து வெட்டறேன்” என்றேன்.

“போய்ட்டு வா. இதுல இன்னும் நாப்பத்தெட்டு இருக்குது” என்று கட்டிலடியில் இருந்த பேட்டரி பெட்டியைக் காலால் காட்டினார்.

கிரானைட் பட்டறையில் பதினெட்டு வருடம் கல்லுக்கு மெருகு போட்டவர். அந்தத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. அன்று பராமரிப்பு வேலைக்காக ஊரில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மெஷின் பேட்டரி பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் திரும்பியபோது மெஷின் சத்தம் இல்லை. பெட்டியின் மீட்டரில் முப்பத்தெட்டு சதவீதம் என்று பச்சையாக எரிந்தது. அவ்வளவு சார்ஜ் இருக்கும் பெட்டி நின்றுபோகாது. மூச்சு கொஞ்சம் தேவலாம் என்று அவரே மெஷினை நிறுத்திவிட்டுத் தூங்குகிறார் என்று நினைத்தேன். எண்ணெயை டப்பாவில் ஊற்றி வைத்துவிட்டுத்தான் பக்கத்தில் போனேன்.

*

அவர் போய் இருபத்திரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, காரிமங்கலத்தில் நவநீதனின் பேட்டரி பட்டறையில் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். திருமாலைக் கொன்ற பெட்டி இந்தப் பட்டறையில் செய்தது. இங்கேதான் நானும் வேலை பார்க்கிறேன். வேலைக்காரர்களுக்கான விலையில் நானேதான் அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன்.

“பன்னெண்டு பெட்டி செஞ்சீங்க. அஞ்சாம் நம்பர் ஒரு உசிரை வாங்கிடுச்சு” என்றார் அருள்நாதன். மின்வாரியத்தில் திருட்டுக் கரண்ட் பிடிக்கும் படையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தர்மபுரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். நவநீதன்தான் அவரை வரவழைத்திருந்தார். “மீதி பதினொண்ணுல ஒம்பது திரும்பி வந்துடுச்சு. ஒம்பதையும் சோதிச்சாச்சு. மீட்டர் சொல்றதும் உள்ள இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்குது. வெளிய இருக்கறது ரெண்டு.”

“ஒம்பதாம் நம்பர் சித்தேரி மலையில. பதினொண்ணாம் நம்பர் ஏரியூர் பக்கத்துல” என்றாள் தேவிப்பிரியா. அவருடைய உதவியாளர். முப்பது வயதிருக்கும். ஆம்னி வேனை ஓட்டுவது, கணக்கு எழுதுவது, அவரைக் கேலி செய்வது மூன்றும் அவள் வேலை. “ஒண்ணு கிழக்கு, ஒண்ணு மேற்கு. ரெண்டு வூட்டுலயும் போன் எடுக்கல. ரெண்டு ஊர்லயும் இன்னிக்கி ஒம்பதுல இருந்து ரெண்டு வரைக்கும் கரண்ட் கிடையாது. கடவுள் நம்மள வெச்சு பரீட்சை எழுதறாரு சார்.”

“பெட்டி நெசமா எவ்ளோ நேரம் தாங்கும்?” என்று கேட்டார் அருள்நாதன்.

“மூணு மணி நேரமுங்க” என்றார் நவநீதன்.

அப்படியானால் பன்னிரண்டு மணி வரைதான். எந்தப் பக்கம் போனாலும் இரண்டு மணி நேர ஓட்டம். வேன் ஒன்று. அதில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரும் ஒன்று. 108-க்குச் சொல்லியாயிற்று. ஏரியூர் வண்டி பிரசவ கேஸோடு தர்மபுரிக்குப் போயிருந்தது. சித்தேரிக்கு அரூரிலிருந்துதான் வரவேண்டும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்கள்.

“குமாரைக் கேட்டா தெரியும். அவன்தான் கெட்டுப்போன செல்லைப் போட்டு ஒட்டினான்” என்றேன்.

பட்டறையில் பேட்டரி செல்களைச் சேர்த்துப் பெட்டியாக்குகிறவன் குமார். அவன் மேல் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவள் நான். இரண்டு நாளாக அங்கே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

அருள்நாதன் மேஜை மேல் இருந்த ஐந்தாம் நம்பர் பெட்டியைத் தட்டினார்.

“செல்லுல கோளாறு இல்லம்மா. நேத்து நானே இதுக்கு சார்ஜ் போட்டு, பல்பு மாட்டி, கடைசி வரைக்கும் எரிய விட்டேன். மறுபடி சார்ஜ் போட்டேன். இப்போ அட்சர சுத்தமா உண்மை பேசுது.”

எனக்குப் புரியவில்லை என்று முகத்தில் எழுதியிருந்திருக்கும். தேவிப்பிரியா என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, நீங்கதானே தினமும் இதைச் செய்யறீங்க? எதுக்கு பல்பு மாட்டி எரிய விடறீங்க?”

அது எனக்குத் தெரிந்த வேலைதான். நவநீதன் வாங்குவது ஸ்கூட்டரில் ஓடித் தேய்ந்த செல்கள். தேறுகிறதைப் பொறுக்கி எடுத்துப் பெட்டி செய்வார். மீட்டருக்குள் இருக்கும் கணக்கோ புதுச் செல்லுக்கானது. அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் முழுதாகச் சார்ஜ் போட்டு, இரண்டு பழைய பஸ் பல்புகளை மாட்டி, தானாக அணையும் வரை எரிய விடவேண்டும். பெட்டி காலியாகி அணைந்த நொடியில்தான் மீட்டர் தன் பழைய கணக்கை அழித்துவிட்டு உண்மைக் கணக்கை எழுதிக்கொள்ளும். ஆக்சிஜன் மெஷின் அதற்குச் சற்று முன்பே நின்றுவிடும்; அதில் மாட்டி மீட்டர் திருந்தாது. பிறகு மறுபடி சார்ஜ். காலை பத்தரைக்கு மாட்டினால் சாயங்காலம் ஐந்தரை, ஆறுக்கு அணையும். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, ஞாயிறு விடுமுறை. ஒன்றாம் நம்பரைத் திங்கட்கிழமை ஆரம்பித்தோம்.

“புதுசா வந்த மருமக மாதிரி” என்றாள் தேவிப்பிரியா. “மாமியா சொன்ன அளவுலயே அரிசி இருக்குதுன்னு நம்பிட்டே இருப்பா. பானை ஒருதடவ தொடச்சு காலியானாத்தான் வூட்டு நெலம தெரியும்.”

“அஞ்சாம் நம்பர் பானை காலியாகல. அதான் விஷயம்” என்றார் அருள்நாதன். “யாரோ முன்னாடியே நிறுத்திட்டாங்க. காலையில பெட்டியை மாட்டறது யாரு?”

“நானுங்க சார்” என்று ரோசம்மா முன்னால் வந்தாள். எனக்கு ஆறு வருடம் மூத்தவள். ஒரே மேஜையில் நாங்கள் இரண்டு பேர். அவளுக்கு நான் மலரு. “சாயங்காலம் மலரு கழட்டி வெச்சிட்டுப் போவும். காலையில அடுத்ததை நான் மாட்டுவேன்.”

“மாட்டும்போது ஏதாவது?”

“அதை ஏன் சார் கேக்கறீங்க. கிளிப்பை வெச்சதும் சட்டுனு பொறி பறக்கும். இதோ பாருங்க விரலை. துணி சுத்திக்கிட்டுத்தான் மாட்டறேன். முதலாளிகிட்ட சொன்னா, பழகிடும்ங்கறாரு.”

“பல்பு போர்டுல ஸ்விட்ச் இருக்குதே. அது போட்டபடி இருந்தா பொறி பறக்கும்.”

“பல்பு தானா அணைஞ்சிடுது. அப்புறம் யாரு சார் ஸ்விட்சை அமுத்தப் போறாங்க? அது எப்பவும் போட்டபடிதான் இருக்கும்.”

“தினமும் பறக்குமா?”

ரோசம்மா கொஞ்சம் யோசித்தாள். முகம் கனிந்தது.

“சனிக்கிழமை மட்டும் பறக்காது சார். ரெண்டு சனிக்கிழமையும் பறக்கல, ஸ்விட்சைத் தட்டினப்புறம் சாதுவா எரிஞ்சுது. மாதா நாளாச்சே. காலையில பூசைக்குப் போயிட்டு வரேன், அந்தத் தாயி என் விரலைக் காப்பாத்தறா.”

அருள்நாதன் சட்டைக்குள் தொங்கிய ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டார்.

“நானும் அந்த ஆத்தாவோட புள்ளதான் ரோசம்மா. ஆனா அவங்க ஸ்விட்ச் எல்லாம் அமுத்த மாட்டாங்க. சனிக்கிழமை காலையில பொறி பறக்கலைன்னா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ கையால நிறுத்தியிருக்காங்க. மொத வெள்ளிக்கிழமை எந்த நம்பர்?”

“அஞ்சு” என்றாள் தேவிப்பிரியா, நோட்டைப் புரட்டி.

“அடுத்த வெள்ளி?”

அவள் பதில் சொல்வதற்கு முன்னால் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

“பதினொண்ணு. ஏரியூர் போங்க. சீக்கிரம் போங்க சார்.”

அருள்நாதன் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு நவநீதனிடம் திரும்பிச் சொன்னார்: “நீங்க பைக்கை எடுத்துக்கிட்டு சித்தேரிக்கு விடுங்க. என் கணக்கு தப்பா இருந்தா அங்க ஒருத்தராவது இருக்கணும்.”

*

பாலக்கோடு வரை தேவிப்பிரியா ஓட்டியதை ஓட்டுவது என்று சொல்ல முடியாது. பின் இருக்கையில் சிலிண்டர் உருளாமல் நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். குளிர்ந்த இரும்பு. மார்க்கெட்டுக்கு முன்னால் தக்காளி லாரிகள் குறுக்கே நின்றன. பிளாஸ்டிக் கிரேடுகளை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“அண்ணா, வண்டியை எடுங்க! உசிரு போற அவசரம்!”

“தக்காளிக்கும் அதே அவசரம்தான் பாப்பா” என்றார் ஒரு டிரைவர்.

அருள்நாதன் இறங்கிப் போய், மின்வாரியத்தின் பழைய அடையாள அட்டையை எடுத்து நீட்டி, என்னவோ சொன்னார். இரண்டே நிமிடத்தில் லாரி பின்னால் போனது.

“என்ன சார் சொன்னீங்க?”

“உங்க குடோன் மீட்டரை வந்து பாக்கட்டுமான்னு கேட்டேன்.”

“ரிட்டயரான புலிக்கும் பல்லு இருக்குதுப்பா” என்று தேவிப்பிரியா கியரைப் போட்டாள்.

பாலக்கோட்டைத் தாண்டிப் பாப்பாரப்பட்டி சாலையில் ஏறியதும் நான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.

“அந்த ஸ்விட்சை நிறுத்தினது நான்தாங்க.”

வேன் கொஞ்சம் மெதுவானது. பிறகு பழைய வேகத்துக்கு வந்தது.

“ஏம்மா?” என்றார் அருள்நாதன். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“வெள்ளிக்கிழமைங்க. பொழுது சாயற நேரம். பல்பு மங்கி மங்கி, கங்கு மாதிரி செவந்து வருது. எங்க வூட்டுல வெளக்கைத் தானா அணைய விட மாட்டோம். எண்ணெ தீர்றதுக்கு முன்னாடி நாமளே பூவால தொட்டு குளிர வெச்சிடணும். மத்த நாள்ல அது வெறும் பல்புதான். எனக்கு ஒண்ணும் தோணல. வெள்ளிக்கிழமையில, வூட்டுக்காரர் அப்படி மூச்சுக்குத் திணறிக்கிட்டு கெடக்கும்போது, என் கண்ணு முன்னாடி ஒண்ணு தானா அணையறதைப் பாக்க முடியல. கை தானா போயி அமுத்திடுச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் முந்திதான். முடிஞ்சுதுன்னு நோட்டுல எழுதிட்டேன்.”

தேவிப்பிரியா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

“அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் நிறுத்தினேன்” என்றேன்.

சாலையோரப் புளியமரங்கள் போய்க்கொண்டே இருந்தன. “குமாரை விடச் சொல்லி போன் பண்ணுங்க சார்” என்று ஞாபகம் வந்து கேட்டேன்.

“பண்றேன். மொதல்ல மூச்சு, அப்புறம் புகார்.”

அவர் போனில் வேறு யாரையோ தேடினார். ஏரியூரில் அவருக்குத் தெரிந்த லைன்மேன் ஒருவர் இருந்தார், ஆரோக்கியராஜ். நான்காவது முறை மணி அடித்ததும் எடுத்தார். எங்களுக்கும் கேட்கும்படி அருள்நாதன் ஸ்பீக்கரில் போட்டார்.

“கரண்ட் குடுக்க முடியுமாப்பா?”

“லைன்ல மூணு பேரு ஏறியிருக்காங்க சார். இப்போ கரண்ட் விட்டா மூணு உசிரு.”

“சரி. பக்கத்துல நாகன்னு ஒருத்தர். கல் பட்டறையில வேலை பாத்தவர். ஆக்சிஜன் மெஷின் வெச்சிருப்பாங்க. ஓடிப்போய் பாரு.”

பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். மூச்சிரைத்தது.

“பாத்துட்டேன் சார். பயப்படாதீங்க. மெஷின் நல்லா ஓடுது. மீட்டர்ல அம்பத்தொம்பது இருக்குது.”

“அந்த மீட்டரை நம்பாதய்யா! அது பொய்!”

“பச்சையா எரியுதுங்களே சார்.”

“ஆரோக்கியராஜ், கேளு. இன்னும் ஒரு மணி நேரந்தான் அது ஓடும். காத்து ரெண்டுல வெச்சிருந்தா ஒண்ணுக்குக் குறை. கொஞ்ச நேரம் கூட வரும். ஏதாவது கார் கெடைச்சா அவரை ஏத்தி…”

“இங்க கார் எங்க சார்? சரி, கொறைக்கிறேன்.” பின்னால் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. ஆரோக்கியராஜ் அவளிடம் பேசிவிட்டுத் திரும்பினார். “அவரு சம்சாரம் கேக்கறாங்க சார். இவ்ளோ சார்ஜ் இருக்கும்போது எதுக்குக் காத்தைக் கொறைக்கணும்னு.”

“போனை அவங்ககிட்ட குடு!”

போன் கை மாறும் சத்தம் வந்தது. அதோடு இணைப்பு அறுந்தது. மறுபடி போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பென்னாகரம் வரும்வரை நான் அந்த எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தேன். பதினேழு முறை. ஒவ்வொரு முறையும் அதே பெண் குரல், அதே மரியாதையோடு.

அந்த மனைவியை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். புருஷன் மூச்சுக்கு ஏங்குவான். அவள் மீட்டரைப் பார்ப்பாள். லைன்மேன் வெளியே போனதும் காற்றைப் பழையபடி இரண்டுக்குத் திருப்பிவிடுவாள். நானாக இருந்தாலும் திருப்பியிருப்பேன்.

*

பன்னிரண்டு ஏழுக்கு அந்த வீட்டின் முன் வேன் நின்றது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. உள்ளே மெஷின் சத்தம் இல்லை.

நான் சிலிண்டரைத் தனியாகத் தூக்கிக்கொண்டு இறங்கினேன் என்று தேவிப்பிரியா பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை. நினைவிருப்பது உள்ளே கண்ட காட்சி. கட்டிலில் ஒரு ஆள் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, காற்றைத் தேடிக்கொண்டிருந்தான். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. அவன் மனைவி கீழே உட்கார்ந்து பெட்டியை இரண்டு கையாலும் உலுக்கிக்கொண்டிருந்தாள். ஆரோக்கியராஜ் மெஷின் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

“முப்பத்தொம்பது இருக்குதுங்க! முப்பத்தொம்பது இருக்குதுங்க!” என்று எங்களைப் பார்த்துக் கத்தினாள். யாரிடமோ நியாயம் கேட்பது போல.

“தள்ளுங்க” என்றாள் தேவிப்பிரியா. சிலிண்டர் வால்வில் ஸ்பேனரைப் போட்டாள். நகரவில்லை. அருள்நாதன் பிடித்தார். நகரவில்லை. நானும் கையை வைத்தேன். மூன்று பேர் சேர்ந்து திருகியதும் ஒரு சீறல் கேட்டது. மெஷினிலிருந்து குழாயைப் பிடுங்கிச் சிலிண்டரில் சொருகினேன். அவன் மூக்கில் குழாய் சரியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் தோள் இறங்கியது. பிறகு முழங்காலில் ஊன்றிய கை தளர்ந்தது. உதட்டின் நிறம் ஓரத்திலிருந்து மாறத் தொடங்கியது.

“தண்ணி…” என்றான் நாகன்.

அவன் மனைவி எழுந்து போய்ச் சொம்பை எடுத்துவந்தாள். அவள் பெயர் ரேவதி என்று அப்போதுதான் தெரிந்தது. அவன் அப்படிக் கூப்பிட்டான். அவனுக்குக் குடிக்கக் கொடுத்த பிறகுதான் அவள் அழுதாள்.

ஆரோக்கியராஜ் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அருள்நாதனின் போன் மணி அடித்தது. நவநீதன். சித்தேரியில் ஒன்பதாம் நம்பர் மீட்டர் பன்னிரண்டு மணிக்கு முன்பே இரண்டு சதவீதம் காட்டிக் கூவியிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் பயந்து, ஆளை ஜீப்பில் ஏற்றி, கரண்ட் இருக்கும் கீழ் ஊருக்கே கொண்டு போய்விட்டார்களாம்.

“உண்மை சொல்ற மீட்டர்னா இப்படி ஊரையே எழுப்பணும்” என்றாள் தேவிப்பிரியா. அவள் குரல் பழைய நிலைக்கு வரவில்லை.

அருள்நாதன் அடுத்து காவல் நிலையத்தைக் கூப்பிட்டார். குமார் பெயரைச் சொல்வது கேட்டது. பிறகு போனை என்னிடம் நீட்டினார். “நீதாம்மா சொல்லணும். புகார் உன்னோடது.” நான் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். “குமார் மேல தப்பு இல்லைங்க, ஸ்விட்சை நிறுத்தினது நான்” என்று இரண்டு முறையும் சொன்னேன்.

நான் போனைத் திருப்பிக் கொடுத்தபோது ரேவதி பெட்டியைத் தூக்கி மடியில் வைத்திருந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளைப் படித்தாள்.

“பரிசோதித்தவர் ம. மலர்விழின்னு போட்டிருக்குது. யாருங்க அந்தம்மா? எனக்கு அவங்களைப் பாக்கணும்.”

தேவிப்பிரியா சட்டென்று குறுக்கே வந்தாள். “அதெல்லாம் கம்பெனியில சொல்லிப்பாங்கக்கா. பெட்டியை இப்படி குடுங்க.”

“நான்தாங்க” என்றேன்.

ரேவதி என்னைப் பார்த்தாள். என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் பெட்டியை என் பக்கம் தரையில் தள்ளிவிட்டு, புருஷன் முதுகைத் தடவப் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் பெட்டி என் மடியில் இருந்தது. பென்னாகரம் தாண்டியதும் தேவிப்பிரியா கேட்டாள், “அக்கா, அந்தத் தாளைக் கிழிச்சிடட்டுமா?”

“வேணாம்” என்றேன்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, பதினொன்றாம் நம்பருக்கு ரோசம்மா பல்பு மாட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பல்பு சிவந்தது, கருகினாற்போல் ஆனது, தானாக அணைந்தது. இப்போது அந்த மீட்டர் உண்மையைச் சொல்கிறது. ஒட்டியிருக்கும் தாளை யாரும் மாற்றவில்லை. அதில் பழைய வெள்ளிக்கிழமையின் தேதியும், அதற்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கின்றன.